விண்மாறனின் ஆறாவது நட்சத்திரம்

2000-ஆம் ஆண்டு, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு விண்மாறன் ஆரணிக்கு வந்து சேர்ந்தான். பறந்து வரவில்லை. வெள்ளை அம்பாசடர் காரின் பின் சீட்டில் ஆளுயரப் போஸ்டராகச் சுருண்டு, இடுப்பில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வந்தான்.

கார் நின்றது தணிகாசலத்தின் டிசைன் கடை வாசலில். சேலையில் வர வேண்டிய மயிலையும் மாங்காயையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் துளை குத்த வேண்டும். அட்டை தறியில் ஏறினால்தான் மயில் பட்டில் இறங்கும். இந்த இரண்டு வேலையும் நடக்கிற கடை அது. கட்டம் வரைகிறவள் ஹேமலதா. அட்டை குத்துகிறவள் குணசுந்தரி.

காரிலிருந்து இறங்கிய அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, காதி புடவை, நிமிர்ந்த நடை.

"வணக்கம். நான் தேவகி. 'சில்வண்டு' வார இதழோட ஆசிரியர். இவர் எங்க ஓவியர் சுப்பராயலு. விண்மாறனுக்கு அப்பா!"

பின்னால் நின்ற மெலிந்த மனிதர் கூச்சத்தோடு சிரிப்பதுபோலச் சிரித்தார். தணிகாசலத்தின் கைகள் தாமாகக் கும்பிட்டன. சில்வண்டை அறியாத வீடு ஆரணியில் இல்லை. அதில் வாரா வாரம் வரும் விண்மாறன் படக்கதையைப் படிக்காத பிள்ளையும் இல்லை.

குணசுந்தரி மெதுவாக ஹேமலதாவின் காதருகே குனிந்தாள். "அப்பா வந்துட்டாருடி. அம்மா நீ இன்னா பண்ணப்போற?"

ஹேமலதாவின் தூரிகையிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு, பாதி முடிந்த மயிலின் கழுத்தில் விழுந்தது.

'விண்மாறன் அம்மா' என்பது அவள் தெருவில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அதற்குக் காரணம் அவள் வாய்தான். 1994-இல், பிளஸ் டூ படிக்கும்போது, அவள் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு படக்கதை வரைந்தாள். நாயகன் பெயர் நாடாமாறன். தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்மூடித் திறப்பதற்குள் ஓடுகிறதே நாடா, அதுபோல ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பாய்கிறவன். அவன் மார்பில் ஒரு சின்னம்: இரண்டு பக்கமும் கூர்மையான, நடுவில் பருத்த நாடா. அதற்குள் ஏழு கரும்புள்ளிகள். கதையை ஒரு காக்கி உறையில் போட்டு, சில்வண்டு முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் சேர்த்தாள். நகல் எடுத்துவைக்க வேண்டும் என்று பதினேழு வயதில் தோன்றவில்லை.

பதில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து விண்மாறன் வந்தான். கதை வேறு, முகம் வேறு. மார்பில் மட்டும் அவளுடைய நாடா.

அவள் பத்திரிகைக்கு இரண்டு கடிதம் எழுதினாள். இரண்டுக்கும் மூச்சில்லை. ஆற்றாமையில் தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேரும் சிரித்தார்கள். "ஏம்மா, அப்டியே சந்திரமண்டலத்தையும் நீதான் வரைஞ்சியா?" என்று கேட்டவர்களும் உண்டு. அன்றிலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் சில்வண்டை வாங்கி, முதல் பக்கத்தில் 'உருவாக்கம்: சுப்பராயலு' என்று போட்டிருக்கும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். அந்த ஒரு வரியில் இருக்க வேண்டியது தன் பெயர் என்பது அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர இன்னும் ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்தான் இதோ, அவள் மேசைக்கு மூன்றடி தூரத்தில், தணிகாசலம் வாங்கிவரச் சொன்ன கோலி சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

தேவகி விஷயத்துக்கு வந்தார்.

"அடுத்த மாசம் விண்மாறனோட இருநூறாவது இதழ். விண்மாறன் வேஷம் போட்டு ஒருத்தர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போகப் போறார். தோள்லேருந்து தொங்கற அந்த நீலத் துணி இருக்கே, அது அசல் ஆரணிப் பட்டா இருக்கணும். நடுவுல சின்னம் சரிகையில. அச்சடிக்கக் கூடாது, நெய்யணும்."

"நெஞ்சிடலாம் மேடம், ஜல்தியா நெஞ்சிடலாம்" என்றார் தணிகாசலம். "ஹேமா, வா இப்டி. இவ கை வெச்சா பேசும் மேடம். ஹேமா, மேடம் சொல்றத நல்லா கேட்டுக்க."

சொல்லிவிட்டு, தேவகிக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். 'பழைய கதையை எடுத்துடாதே, தாயே' என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

போஸ்டரைச் சுவரில் விரித்துப் பிடித்தார்கள். விண்மாறன் கை கட்டி நின்றான். மார்பில் தங்க நிறச் சின்னம் தகதகத்தது.

"அப்படியே வரணும்மா" என்றார் சுப்பராயலு. "ஒரு புள்ளி இப்படி அப்படி ஆகக் கூடாது. இது சாதாரணப் படம் இல்ல. இது பிரபஞ்சத்தோட கண். உள்ள இருக்கறது ஏழு நட்சத்திரம். ஆறாவதைப் பாரு, மத்ததோட வரிசையில சமமா இல்லாம கொஞ்சம் தள்ளி நிக்குதா? அதுதான் விண்மாறன் பொறந்த இடம். பாதை தவறின நட்சத்திரம். நாலு வருஷமா அத்தனை கதையும் அந்த ஒரு நட்சத்திரத்துலதான் நிக்குது."

"எனக்கே ரொம்பப் பிடிச்ச கற்பனை" என்றார் தேவகி.

ஆறாவது புள்ளி ஏன் தள்ளி நிற்கிறது என்று ஹேமலதாவுக்குத் தெரியும். அது கற்பனையே இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? காகிதம் இல்லை, சாட்சி இல்லை. நாலு வருடச் சிரிப்பு காதில் இன்னும் இருந்தது. கட்டத்தாளை எடுத்து முன்னால் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தம் உள்ளே வந்தார். சேவூரில் சொந்தத் தறி வைத்திருப்பவர். துணியை நெய்யப்போவது அவர்தான் என்பதால் தணிகாசலம் ஆள் அனுப்பி வரச்சொல்லியிருந்தார். அவருக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் கிடையாது. விண்மாறன் யார், வேதாளம் யார் என்று ஒன்றும் தெரியாது. போஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா இந்த ஆளு, மாருல நாடாவ மாட்டிகினு நிக்கிறான்?"



"என்ன சொன்னீங்க?" என்றார் தேவகி.

"நாடாங்க. தறியில ஓடுமே, அது. எந்தத் தறிகாரன் போட்டுக் குடுத்தான் இத? பைண்டிங் கூட உட்டுகீறான் பாருங்க."

"பைண்டிங்னா?"

"சரிகை ஒரே இழுப்பா நீளமா ஓடக்கூடாதுங்க. மேல தூக்கிகினு நிக்கும். மோதரத்துல மாட்டும், வளையல்ல மாட்டும், அறுந்துகினு போவும். அதனால எட்டு இழைக்கு ஒருவாட்டி ஒரு புள்ளி உட்டுப் புடிச்சிக்கணும். அந்தப் புள்ளிங்கதான் இது." கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கினார். "ஆனா ஆறாவது புள்ளி தப்பு. போட்டவன் எண்ணிக்கை உட்டுட்டான். சின்னப் புள்ளைங்க கையா இருக்கும்."

"பெரியவரே, அது நட்சத்திரம்" என்றார் சுப்பராயலு. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"நச்சத்திரமோ, நாமக்கட்டியோ, எனக்கின்னா சார்? இப்டியே நெஞ்சா அந்த எடத்துல சரிகை எகிறும். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

குணசுந்தரி கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள். ஹேமலதாவின் முதுகில் சுட்டு விரலால் ஒரு குத்து. அட்டையில் துளை போடுகிற விரல், வலித்தது.

ஹேமலதா எழுந்து நின்றாள்.

"தப்புதாங்க மாமா" என்றாள் சம்பந்தத்திடம். "நான் பண்ண தப்பு."

"ஹேமா!" தணிகாசலம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மொதலாளி. நாலு வருசமா இருந்துட்டேன்." அவள் தேவகியின் பக்கம் திரும்பினாள். "மேடம், இந்தச் சின்னம் நான் போட்டது. தொண்ணூத்தி நாலுல உங்க ஆபீசுக்கு அனுப்பிச்சேன். அவன் பேரு நாடாமாறன். அப்பறம் ரெண்டு லெட்டர் போட்டேன். பதில் வரல."

சுப்பராயலு சிரித்தார். "மேடம், பிரபலமான பாத்திரம்னா இப்படி ஊருக்கு ஒருத்தர் கிளம்புவாங்க. போன மாசம் ஈரோட்ல ஒருத்தர் தான்தான் விண்மாறன்னே சொன்னார்."

தேவகி சிரிக்கவில்லை. "வாசகர் கடிதம் எல்லாம் உங்க மேசைக்குத்தானே வரும் சுப்பராயலு?"

"வந்திருந்தா காட்டியிருக்க மாட்டேனா மேடம்?"

"சரி. ஒரு கேள்வி. புள்ளிகளுக்கு நடுவுல இடைவெளியை எப்படி முடிவு பண்ணினீங்க?"

"அது... கண்ணளவுதான். கலைஞன் அளவுகோல் வெச்சா கற்பனை பண்ணுவான்? ஆறாவதை மட்டும் மனசுக்குத் தோணினபடி தள்ளி வெச்சேன்."

"நீ சொல்லும்மா."

ஹேமலதா போஸ்டருக்கு முதுகைக் காட்டி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாடா மொத்தம் அறுபத்தி நாலு கட்டம் மேடம். இந்த முனை மூக்குலேருந்து மொதல் புள்ளி எட்டு. அங்கேருந்து அஞ்சாவது புள்ளி வரைக்கும் எட்டெட்டு. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல பத்து. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல ஆறு. ஏழுலேருந்து கடைசி மூக்குக்கு மறுபடி எட்டு. எங்கிட்ட இருந்தது பள்ளிக்கூடத்து கிராஃப் நோட்டு. ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். சாரு அத ஒரிஜினல் சைசுல காப்பி பண்ணியிருந்தா, ஸ்கேல் வெச்சுப் பாத்துக்கலாம்."

தேவகி கையை நீட்டினார். "மூலப்படத்தைக் குடுங்க, சுப்பராயலு."

"மேடம், போஸ்டரே இருக்கே..."

"மூலப்படம்."

சுப்பராயலு ஜிப் வைத்த பையைத் திறந்தார். அதற்கே அரை நிமிடம் பிடித்தது. உள்ளிருந்து சின்னத்தைப் படியெடுத்திருந்த, ஓரம் பழுத்த ஒரு பட்டர் பேப்பர் வந்தது. நாலு வருடமாக அதை வைத்துத்தான் அவர் எல்லா அளவுக்கும் சின்னத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் வந்தார்.

குணசுந்தரி ஓடிவந்து ஸ்கேலைக் கொடுத்தாள். தேவகி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தார். ஒவ்வொரு அளவாக வாய்விட்டே படித்தார்.

"எட்டு... எட்டு... எட்டு... எட்டு... எட்டு..."

ஐந்தாவது புள்ளிக்கு வந்தாயிற்று. ஸ்கேலை நகர்த்தினார்.

"பத்து."

மீண்டும் நகர்த்தினார்.

"ஆறு."

கடைசி முனை.

"எட்டு."

"அடி சக்கை!" என்றார் சம்பந்தம்.

தேவகி நிமிர்ந்தார். "அளவு சரி. ஆனா ஏன்? ஆறாவது மட்டும் ஏன் தப்பாச்சு?"

ஹேமலதா மேசையிலிருந்த கட்டத்தாளை எடுத்தாள். "எங்க கடைத் தாள பாருங்க மேடம். எட்டுக் கட்டத்துக்கு ஒரு தடிச்ச கோடு. எங்களுக்கு எல்லாமே எட்டுக் கணக்கு. தடிச்ச கோடு வந்தா புள்ளி உடணும், கண்ணு தானா போவும். அப்பவே லீவு நாள்ல இங்க வந்து வரைவேன். ஆனா கதைய வரைஞ்சது கணக்கு நோட்டுல. அதுல பத்துக் கட்டத்துக்கு ஒரு தடிச்ச கோடு. மொதல் நாலு புள்ளி ஜாக்கிரதையா எண்ணிப் போட்டேன். அஞ்சாவது நாப்பதாவது கட்டம். எட்டஞ்சு நாப்பது. பத்துநாலும் நாப்பது. புள்ளி சரியா தடிச்ச கோட்டு மேலயே உழுந்துடிச்சு. உடனே கை பழைய வழக்கத்துக்குப் போயிடிச்சு. எண்ணாம, அடுத்த தடிச்ச கோட்டுல ஆறாவதப் போட்டுட்டேன். அது நாப்பத்தெட்டு இல்ல, அம்பது."

"ஏழாவது?"

"அத அந்த முனையிலேருந்து எண்ணி மொதல்லயே வெச்சிருந்தேன். அதனால அது சரியாவே கீது."

பக்கத்து ஸ்டேஷனரி கடையிலிருந்து ஒரு கிராஃப் நோட்டு வந்தது. வாங்கிவந்தவர் தணிகாசலம். அவருக்கு எப்போது மனம் மாறியது என்று அவருக்கே தெரியாது. ஹேமலதா ஐந்தே நிமிடத்தில் நாடாவை வரைந்து ஏழு புள்ளி வைத்தாள். தேவகி பட்டர் பேப்பரை அதன்மேல் வைத்தார். கோட்டின்மேல் கோடு. புள்ளியின்மேல் புள்ளி. ஆறாவது நட்சத்திரம், பத்துக் கட்டத்தின் தடித்த கோட்டின்மேல் அசையாமல் உட்கார்ந்தது.

"பாதை தவறின நட்சத்திரம்" என்றார் தேவகி மெதுவாக. பிறகு சுப்பராயலுவைப் பார்த்தார்.

சுப்பராயலுவின் கையில் காலி சோடா பாட்டில் கிடந்து உருண்டது. "கதை நல்லா இல்ல மேடம்... சின்னம் மட்டும் நல்லாருந்தது. புள்ளி எதுக்குன்னு எனக்குப் புரியல. நட்சத்திரம்னு வெச்சுக்கிட்டேன். யாரோ ஸ்கூல் பொண்ணு, மறந்துருக்கும்னு நினைச்சேன்..."

"அவ லெட்டரும்?"

தலை குனிந்தது.

"நீங்க கார்ல வர வேண்டாம்" என்றார் தேவகி.

"பஸ்ஸு கீது சார்" என்று சம்பந்தம் அக்கறையாக எடுத்துச் சொன்னார். "வந்தவாசி போயி மாறிக்கலாம். சுத்து வழிதான். யோசன பண்ண டைம் கெடைக்கும்."

குணசுந்தரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சுப்பராயலு போன பிறகு தேவகி ஹேமலதாவின் எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். என் ஆபீஸ்ல நடந்தது, எனக்குத் தெரியலங்கறது சமாதானம் இல்ல. உனக்கு என்ன வேணும், சொல்லு. எதுவானாலும்."

நாலு வருடமாக ஒத்திகை பார்த்த பதில். தடுமாற்றமே இல்லை.

"என் பேரு போடணும் மேடம். ஒரு தபா இல்ல, ஒவ்வொரு வாரமும். மொதல் பக்கத்துல, சாரு பேரு இருந்த எடத்துல. அப்பறம் அந்தச் சின்னத்துக்கு அர்த்தம் இன்னான்னு நான்தான் எழுதணும். இருநூறாவது இதழ்ல."

"ஆனா பிள்ளைங்க நட்சத்திரம்னு நம்பிக்கிட்டிருக்காங்களே? நாலு வருஷம்!"

"நட்சத்திரம் இருக்கட்டும் மேடம். அது நட்சத்திரமாவே இருக்கட்டும். அத யாரு வெச்சாங்கன்னு மட்டும் சொல்றேன்."

சம்பந்தம் தொண்டையைக் கனைத்தார். "பேசிகினே இருந்தா எப்டி? தறியில ஏத்தறதுக்கு முன்ன சொல்லிடு பொண்ணே. அந்த ஆறாவதத் திருத்திடலாமா? நாப்பத்தெட்டுல வெச்சிட்டா பேஜார் இல்ல."

"வேணாம் மாமா. அம்பதுலயே இருக்கட்டும். சரிகை எகிறாம, நடுவுல ஒரே ஒரு இழை அதே தங்கக் கலர் பட்டுல புடிச்சிடுங்க. வெளிய தெரியாது."

"தெரிஞ்சே தப்பா நெய்யச் சொல்றியா? நாப்பது வருசத்துல யாரும் எங்கிட்ட இப்டிக் கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்கறேன்."

சம்பந்தம் அவளைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ஆவட்டும். உன் நாடா, உன் இஸ்டம்."

ஹேமலதா பத்து நாளில் நாலு பக்கம் வரைந்தாள். தலைப்பு: 'சின்னம் பிறந்த கதை.' விண்ணில் ஒரு நெசவூர். அங்கே ஒரு தாய் தன் பிள்ளைக்குத் துணி நெய்கிறாள். நாடா உருவத்துக்குள் ஏழு நட்சத்திரங்களைப் பொதிகிறாள். ஐந்து முடிந்தபோது பகைவர்கள் ஊருக்குள் புகுந்துவிடுகிறார்கள். வெளியே தீ, கூச்சல். தாயின் கை ஒரு கணம் எண்ணிக்கையை விடுகிறது. ஆறாவது நட்சத்திரம் இரண்டு இழை தள்ளி விழுகிறது. திருத்த நேரமில்லை. ஏழாவதையும் முடித்து, துணியில் பிள்ளையைச் சுற்றி அனுப்பிவிடுகிறாள். வளர்ந்த விண்மாறன் தாயைத் தேடிப் போகும்போது ஆயிரம் பேர் அந்தத் துணியை 'நான் நெய்தது' என்கிறார்கள். எல்லோரும் அழகாக, சரிசமமாக ஏழு புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். ஒருத்தி மட்டும் ஆறாவதைத் தள்ளி வைக்கிறாள். விண்மாறன் அவள் காலில் விழுகிறான்.

சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தேவகி கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். ஒரு வார்த்தை திருத்தவில்லை.

இருநூறாவது இதழ் ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை வந்தது. ஹேமலதா காலை ஏழு மணிக்கே பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றாள். குணசுந்தரியும் கூட நின்றாள். தெருவிலிருந்து எதேச்சையாக வந்ததுபோல இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சந்திரமண்டலத்தைக் கேட்டவரும் அதில் இருந்தார்.

சென்னை பஸ்ஸின் கூரையிலிருந்து கட்டு விழுந்தது. பேப்பர் கடைக்காரர் கயிற்றை அறுத்தார். அட்டையில் விண்மாறன், தோளில் சம்பந்தம் நெய்த நீலப் பட்டு, புகைப்படமாகவே. ஹேமலதா கையை நீட்டுவதற்குள் கடைக்காரர் வழக்கம்போல் முதல் பக்கத்தைத் திருப்பினார். கண்ணை ஓட்டினார். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார்.

பிறகு அவர் முக்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, பெரணமல்லூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் படவேடு பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும்படி கத்தினார்:

"விண்மாறன் வந்தாச்சு! சில்வண்டுல இருநூறாவது வாரம்! உருவாக்கம் யாரு? ஆரணி ஹேமலதா! நம்ம ஊரு பொண்ணும்மா, நம்ம ஊரு! வா, வா, இருக்கிறது நூறு புக்கு!"

பஸ் ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. சந்திரமண்டலக்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னேறி இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றை ஹேமலதாவிடம் நீட்டி, சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு கையெழுத்துப் போடும்மா. என் பேத்தி கேட்டா."

ஹேமலதா பேனாவை வாங்கினாள். அவசரமே இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள்.